சோம்பலோ, சோர்வோ?

வேலையில் தளர்ந்து வீழ்ந்தவனைச் சோம்பேறி என்று சொல்லிவிடுதல் எளிது. அவன் ஏன் வீழ்ந்தான் என்று ஆராய்தல் அரிது. எளியதைச் செய்தே பழகிவிட்ட நம் சமூகம் இவ்வொரு விஷயத்திலேனும் அரியதைச் செய்தல் வேண்டும் என்பதே எமது துணிபு.

திருவண்ணாமலையில், செங்கம் சாலையில், ரமணாசிரமத்தைச் சூழ்ந்த பகுதியை அன்பர் பலர் கண்டிருப்பர். 1896-ம் ஆண்டில் பதினாறு வயது இளைஞராய் வந்து, 1950-ல் மறையுமளவும் அம்மலையை விட்டு நீங்காத ரமணரின் பெயரால், அவ்விடம் அமைதிக்குப் புகழ்பெற்று விளங்குகின்றது. அவ்வமைதியை நாடிக் கடல் கடந்தும் மக்கள் வருகின்றனர். ஆயினும், பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் நீளமுள்ள கிரிவலப் பாதையில் இலட்சக்கணக்கானோர் நடக்கும் இரவில், அப்பகுதி ஒலிபெருக்கியும், ஊர்திகளின் ஊதுகுழலும், கடைவிளக்குகளும் ஒருங்கே முழங்கி ஒளிரும் இடமாய் விடுகின்றது. அமைதி தேடி வருவோர்க்கு அறையும் உணவும் அளிக்கும் தொழிலாளர்க்கு அன்றிரவு அமைதி ஏது?

அப்பகுதியில், ஒரு தங்கும் விடுதியில் கணக்கெழுதுபவர் ஒருவரை யாம் அறிவோம். எமக்கு அண்ணன் முறையாவார். கணக்கில் ஒரு காசும் பிசகார். ஆனால், பிறர் பொருட்படுத்தாத ஓசையும் வெளிச்சமும் அவரைப் பன்மடங்காகத் தாக்கும். தொடங்கிய வேலையை இடையில் மாற்றச் சொன்னால் தடுமாறுவார். பள்ளிப் பருவத்தில் அவரை “ஒரு மாதிரி” என்றனர். இருபத்தாறாம் வயதிலேதான் மருத்துவர் ஒருவர் அதற்கு ஆட்டிசம் என்று பெயர் கூறினார். மூன்றாண்டு முகம் சுளியாது உழைத்த அவர், ஒரு பௌர்ணமிக்கு மறுநாள் படுக்கையினின்று எழவில்லை. பேச்சுக் குறைந்தது, கைவந்த கூட்டல் கணக்கும் நழுவிற்று. முதலாளி சோம்பல் என்றார். சுற்றத்தார் திமிர் என்றனர். “ஆசிரமத்தில் பத்து நாள் மௌனமாய் உட்கார், சரியாகிவிடும்” என்றார் ஒரு பெரியவர். அண்ணனும் அவ்வாறே சென்று அமர்ந்தார், சிறிது தேறினார். ஆனால் மீண்டும் அதே மேசைக்குச் சென்றார். இரண்டு பௌர்ணமிகளுக்குள் மீண்டும் வீழ்ந்தார்.

நிற்க. இத்தகைய பணிச்சோர்வை அறிஞர் ‘பர்ன்-அவுட்’ என்பர். 1974-ல் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் என்னும் உளவியலறிஞர் இதைப்பற்றி எழுதினார். உலக சுகாதார நிறுவனம் 2019-ல், இது ஒரு நோயன்று, ஆற்றப்படாத நெடுநாள் பணியழுத்தத்தின் விளைவு என்று வரையறுத்தது. ஆட்டிசம் உடையோர்க்கு நேரும் சோர்வை 2020-ல் ஆராய்ந்து வெளியிட்ட அமெரிக்கராகிய டோரா ரேமேக்கரும் அவர்தம் குழுவினரும், நீங்காத களைப்பு, கற்ற திறன்கள் குன்றுதல், ஒலி ஒளிகளைத் தாங்கும் ஆற்றல் குறைதல் என்னும் மூன்றையும் அதன் குறிகளாகக் கண்டனர். பிறர் எதிர்பார்ப்பும் தம் ஆற்றலும் பொருந்தாமையும், துணையின்மையுமே காரணம் என்றனர். தம் இயல்பை மறைத்து, எல்லாரையும் போல நடிக்கும் ஓயாத முயற்சியும் இச்சோர்வை வளர்க்கும்.

இதனால் யாம் அறிவது யாது? குறை தொழிலாளியிடம் மட்டுமில்லை. அவனுக்கும் அவன் வேலைக்கும் இடையிலுள்ள பொருத்தமின்மையிலும் உளது. செருப்பில் முள் இருக்கக் காலுக்கு மட்டும் மருந்திடுவது போன்றதே, வேலையைத் திருத்தாமல் ஓய்வை மட்டும் விதிப்பது. மௌனம் நன்றே, ஆனால் மௌனத்தினின்று எழுந்தவன் எங்கே திரும்புகின்றான் என்பதே வினா.

அம்முள்ளைத் தேடி எடுக்கும் கலைதான் ஆக்குபேஷனல் தெரபி எனப்படும் செயல்முறைச் சிகிச்சை. நம் நாட்டில் இதன் கல்வியை 1950-ல் பம்பாயில் தொடங்கியவர் கமலா நிம்ப்கர் அம்மையார். திருவண்ணாமலைக்கு அண்மையதாகிய வேலூரிலோ, 1954-ல் விபத்தினால் கால்கள் செயலிழந்தும், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளர் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்த டாக்டர் மேரி வர்கீஸ் அம்மையார், மறுவாழ்வு மருத்துவத்திற்கு வழிகோலினார். உடல் ஊனமுற்றோர்க்குப் பயன்பட்ட இக்கலை, மூளையின் இயல்பு வேறுபட்டோர்க்கும் பயன்படும்.

எம் அண்ணன் நாடிய சிகிச்சையாளர், முதலில் இரண்டு வாரம் ஒரு குறிப்பேடு எழுதச் செய்தார்: எந்த நேரத்தில், எவ்வேலையில் வலிமை வற்றுகின்றது? எதனால் அது மீள்கின்றது? பின்னர் அதற்கேற்ப நாளைப் பகுத்தார். களைத்தபின் அன்று, களைக்குமுன் ஓய்வெடுக்கக் கற்பித்தார். மேசை வாயிலிலிருந்து பின்னறைக்கு மாறிற்று. கட்டளைகள் சீட்டில் எழுதித் தரப்பட்டன. பௌர்ணமி இரவுப்பணி வேறொருவருக்குச் சென்றது. அதற்கு ஈடாக மாதக் கடைசிக் கணக்கு முழுவதும் இவருக்கு வந்தது. முதலில் அரைநாள், பின்னரே முழுநாள் என்று வேலைக்கு மீண்டார். முற்றும் தேறினார் என்று கூறோம். ஆயினும் ஏழு மாதமாக வீழ்ந்திலர்.

“ஒருவனுக்குச் சலுகை தந்தால் எல்லாரும் கேட்பரே” என்பார் உளர். அவ்விடுதிக்கு ஆன செலவு சில துண்டுக் காகிதங்களும், மேசையைத் தூக்கிய இருவரது கால்மணி நேரமுமே. அண்ணன் இல்லாத நாட்களில் குழம்பிய கணக்கைச் சீர்செய்ய ஆன செலவு அதனினும் பெரிது. மேலும், எழுதிய கட்டளை எல்லார்க்கும் நன்மையே செய்தது.

2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தான் எடுத்துரைக்கும் 21 வகைக் குறைபாடுகளுள் ஆட்டிசத்தையும் கற்றல் குறைபாட்டையும் சேர்த்தது. ஏற்ற வசதி செய்து தரும் கடமையை, வேலைவாய்ப்பைப் பொறுத்தவரை, அரசு நிறுவனங்கள்மீது தெளிவாகச் சுமத்தியது. ஆனால் சிறு விடுதியிலும் கடையிலும் உழைப்போனுக்கு அது பெரிதும் முதலாளியின் மனவிரிவையே பொறுத்து நிற்கின்றது. உரிமை இரக்கத்தை நம்பியிருத்தல் தகாது. சட்டத்தின் இக்கடமை தனியார்க்கும் விரிதல் வேண்டும்; இச்சிகிச்சையும், ஒருநாள் கூலியை இழவாமல் சென்று திரும்பும் தொலைவில் எளியோர்க்குக் கிடைத்தல் வேண்டும்.

பழைய மாணவர்களாகிய அன்பர்காள்! உங்களிற் பலர் இன்று பள்ளிக்கும் காரியாலயத்திற்கும் தலைவராய் விளங்குகின்றீர். உங்கள்கீழ் ஒருவர் தளர்ந்தால், விளக்கம் கேட்டுத் தாள் அனுப்புமுன், “எது கடினமாயிருக்கிறது?” என்று ஒருமுறை கேளுங்கள். உடன் பயிலும் தோழர்காள்! நம் விடுதியிலும் உணவுக்கூட இரைச்சலைத் தாங்காது தனித்து உண்பவர் உளர்; அவரை யாமும் நகைத்ததுண்டு என்பதை வெட்கத்தோடு ஒப்புகின்றோம். இனி நகையோம். சோம்பல் என்னும் சொல்லை வாயெடுக்குமுன், சோர்வோ என்று ஒருகணம் எண்ணுவோமாக.