சுவர் நடத்தும் பாடம்

நண்பரின் மகளுக்கு ஏழு வயது. ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு முடிந்து வந்தவளிடம், ''இன்னிக்கு என்ன பாடம்?'' என்றேன்.

''திருச்சபைன்னா கட்டடம் இல்ல அங்கிள். நாம எல்லாரும் சேர்ந்ததுதான் திருச்சபை. ஒரே உடம்பு. கை வலிச்சா காலுக்கும் வலிக்கணும்!''

பவுல் கொரிந்தியருக்கு எழுதியதை ஒரு வாண்டுக்குப் புரிய வைத்த அந்த டீச்சருக்கு ஒரு வணக்கம்.

அடுத்து வந்தது நவம்பர் 2, கல்லறைத் திருநாள். குடும்பத்தோடு சொந்த ஊருக்குப் போனார்கள். கல்லறைத் தோட்டத்தின் நடுவே ஒரு சுவர்.

''அப்பா, செத்தவங்களுக்கு எதுக்கு சுவரு?''

''அந்தப் பக்கம் வேற ஆளுங்க. பேசாம வா.''

முடிந்தது. டீச்சர் மாதக்கணக்கில் நடத்தியதை ஒரு சுவர் ஒரே நிமிடத்தில் அழித்துவிட்டது.

'எங்கோ ஒரு ஊரில் நடப்பது' என்று தள்ளிவிட முடியாது. நெல்லை மாவட்டம் வடக்கன்குளத்தில் 1872-ல் கட்டிய தேவாலயத்தையே பேன்ட் மாதிரி இரண்டு காலாகக் கட்டினார்கள். ஒரு சாதிக்கு ஒரு கால், மற்றவர்களுக்கு இன்னொரு கால்! 2008 மார்ச்சில், அன்றைய விழுப்புரம் மாவட்டம் எறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டதை ஒட்டி மோதல். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள்.

இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016-ல் சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. 1.9 கோடிக் கத்தோலிக்கர்களில் 1.2 கோடிப் பேர் தலித்துகள் என்றும் சொன்னது. நான் பி.காம். படித்தவன். நூற்றுக்கு அறுபதுக்கு மேல் பங்கு வைத்திருப்பவரைக் கம்பெனியில் முதலாளி என்போம். இங்கே பல ஊரில் அவர் சுவருக்கு அந்தப் பக்கம்!

''இந்துக்களுக்கு மட்டும் ரெண்டு சுடுகாடு இல்லையா?'' என்பீர்கள். இருக்கிறது, வெட்கக்கேடுதான். ஆனால், 'ஒரே உடம்பு' என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுத்தது நீங்கள். அந்த வாக்கைத்தான் கேட்கிறேன்.

''பிஞ்சு மனசுல எதுக்கு சாதி விஷம்?'' என்பது அடுத்த கேள்வி. விஷத்தை வைத்தது சுவர். முறிவு மருந்தை வகுப்பில் கொடுங்கள் என்கிறேன்.

அந்த மருந்தும் வடக்கன்குளத்திலேயே இருக்கிறது. 1910-ல் அங்கே பிரித்து வைத்த தடுப்பு இடிக்கப்பட்டது. திரும்ப வேண்டும் என்று கோர்ட்டுக்குப் போனவர்கள் சென்னை ஐகோர்ட் வரை போய்த் தோற்றார்கள். 'சுவர் வைத்ததும் நாமதான், இடித்ததும் நாமதான்' என்று அந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். கல்லறைத் திருநாளுக்கு முன்னால் அவர்களைக் கூட்டிப்போய் இரண்டு பக்கமும் புல் பிடுங்க வையுங்கள், இரண்டு பக்கமும் மெழுகுவர்த்தி ஏற்றச் சொல்லுங்கள். படம் வரைந்து கலர் அடிப்பதைவிட அது நல்ல பாடம்.

அடுத்த நவம்பர் 2-ம் தேதி அவள் மறுபடி கேட்பாள். 'பேசாம வா' தவிர வேறு பதில் கைவசம் இருக்கிறதா, ஃபாதர்?