சுத்தமான பேஸுக்கு றான்சிஸ்டரே போதும்

மொன்றியல் பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்கள் வீடு மூன்றாம் மாடியில். இந்த நகரத்துப் பழைய அடுக்கு வீடுகள் பலவற்றுக்கு வளைந்த இரும்புப் படிக்கட்டு வெளியில்தான் இருக்கும். தை மாதத்தில் அதில் பனி இறுகிக் கிடக்கும். அந்தப் படிகளில் ஒரு வால்வு அம்பிளிபயரைப் பதினொரு வருடம் ஏற்றி இறக்கியவன் நான். பேஸ் கிற்றார் பழகும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, "மாமா, வால்வு வாங்கவா, றான்சிஸ்டர் வாங்கவா?" என்றுதான். சுத்தமான ஒலி வேண்டுமென்றால் றான்சிஸ்டர் வாங்குங்கள்.

எங்கள் குழு வாசிப்பது பெரும்பாலும் இளையராஜா பாடல்கள். அவற்றில் பேஸ் தாளத்துக்குத் துணை போவதோடு நிற்காது. பாடகருக்குப் பக்கத்தில் இன்னொரு மெட்டாகவே நடக்கும். 1980இல் வந்த 'மூடுபனி' படப் பாடல்களைக் கேட்டால் இது விளங்கும். ஒரு சுரம் அடுத்ததோடு குழம்பினால் பாட்டே சரிந்துவிடும்.

பேஸின் மிகத் தாழ்ந்த தந்தி நொடிக்கு 41 தடவை அதிரும். இவ்வளவு தாழ்ந்த ஒலி நம் காதுக்குச் சுலபமாக எட்டாது. அதற்கு நிறைய வாட் வேண்டும். சத்தம் இரண்டு மடங்காகக் கேட்க, வாட் ஏறக்குறைய பத்து மடங்காக வேண்டும். வாட் போதாத இடத்தில் ஒலி அலையின் உச்சி நசுங்குகிறது. வால்வு அதை மெல்ல மெல்ல நசுக்குவதால் காதுக்கு இதமாக இருக்கிறது. அதைத்தான் 'வெதுவெதுப்பு' என்கிறார்கள். றொக் இசைக்கு அது அழகு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் இதமாக இருந்தாலும் அது நசுங்கிய ஒலிதான். றான்சிஸ்டர் தன் எல்லை வரை நேராக நின்று, எல்லை தாண்டியதும் கரகரக்கும். அதனால் எல்லைக்குக் கிட்டப் போகாத அளவு வாட் கையிருப்பில் வேண்டும். றான்சிஸ்டரில் அந்த வாட் மலிவு.

பழைய கதையும் இதையே சொல்கிறது. 1952இல் வந்த ஃபெண்டர் பேஸ்மேன், ரொறன்ரோவில் 1963இல் தொடங்கிய யோர்க்வில் நிறுவனத்தின் றெய்னர் பேஸ்மாஸ்டர் இரண்டும் பேஸுக்கென்றே செய்த வால்வு அம்பிளிபயர்கள். இன்று அவற்றைத் தேடி அலைபவர்கள் பெரும்பாலும் லீட் கிற்றார்காரர்கள். சத்தத்தைக் கூட்டி வைத்தால் ஒலி இனிமையாக உடைகிறதாம்! 1969இல் வந்த ஆம்பெக் எஸ்.வி.டி. 300 வாட் வால்வு, சுத்தமாகவே நிற்கும். ஆனால் ஸ்பீக்கர் பெட்டி இல்லாமலே அது 35 கிலோவுக்கு மேல். ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் கேட்க வாசித்த பேஸ் கலைஞர் ஜாக்கோ பஸ்டோரியஸ் கையாண்ட அக்கூஸ்டிக் 360, றான்சிஸ்டர்தான்.

ஒரு பொங்கல் விழா எனக்கு மறக்காது. 50 வாட் வால்வு. றம்ஸோடும் தபேலாவோடும் போட்டி போட வேண்டி, சத்தத்தைக் கூட்டினேன். முடிந்ததும் முன்வரிசையில் இருந்த ஓர் அம்மா சொன்னார்: "தம்பி, பாட்டெல்லாம் நல்லாயிருந்தது. அடியிலதான் ஏதோ இரைஞ்சுகொண்டே இருந்தது." அந்த இரைச்சல் நான் மாதக்கணக்காகப் பழகிய பேஸ். அடுத்த பொங்கலுக்கு மூன்று கிலோகூட இல்லாத 500 வாட் றான்சிஸ்டரை ஒரு கையில் கொண்டு போனேன். பாதிக்கு மேல் கூட்டத் தேவைப்படவில்லை.

றான்சிஸ்டரை நம்புவது எங்களுக்குப் புதிதல்ல. யாழ்ப்பாணத்தில் 1990களில் மின்சாரம் இல்லாத நாட்களில் சைக்கிளை நிறுத்தி வைத்து மிதித்து, டைனமோவில் ரேடியோ கேட்ட தலைமுறை எங்களுடையது. தாத்தாவின் வால்வு ரேடியோ அப்போதும் மேசையில் அழகாகத்தான் இருந்தது. எங்களுக்குச் செய்தி சொன்னதும் பாட்டுப் போட்டதும் றான்சிஸ்டர்.

வாங்கப் போகும் பிள்ளைகளுக்கு: 300 வாட்டுக்குக் குறையாமல் எடுங்கள். மிச்சக் காசை நல்ல ஸ்பீக்கர் பெட்டிக்குப் போடுங்கள். உங்கள் கிற்றாரையே கடைக்குக் கொண்டுபோய், மேடையில் வாசிக்கும் சத்தத்தில் மிகத் தாழ்ந்த தந்தியை மீட்டிப் பாருங்கள். அந்தச் சுரம் இரையாமல் சுரமாகவே கேட்டால், அதை வாங்குங்கள்.