வீணாய்ப் போகிற தண்ணீர்

தூத்துக்குடிக்குப் போய் வந்தேன் என்றதும், "முத்து வாங்கினீர்களா?" என்று கேட்காத வீட்டம்மாள் இல்லை. முத்துக்குளிப்புத்தான் 1961-ஓடு நின்று போயிற்றே, அம்மணி! நான் பார்த்துவிட்டு வந்தது புன்னைக்காயல் கடற்கரையை.

பொதிகையின் மழைக்காட்டில் பிறக்கும் தாமிரபரணி, சுமார் 125 கிலோமீட்டர் நடந்து வந்து கடலோடு கலக்கும் இடம் அது. பிறந்தகத்தில்தான் காடு என்றில்லை, புக்ககத்திலும் ஒரு காடு இருக்கிறது: அலையாத்திக் காடு! சேற்றிலிருந்து மூச்சு வேர்கள் விரல் விரலாய் நிமிர்ந்து நிற்கின்றன. ஓர் இலையைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தேன், ஒரே உப்பு. வேண்டாத உப்பை இலை வழியே வெளியே தள்ளித்தான் அந்த மரம் பிழைக்கிறது.

ஆனாலும் அதற்கு நல்ல தண்ணீரும் கொஞ்சம் வேண்டும். 2023 டிசம்பரில் ஊர்களையே மூழ்கடித்த ஆறு, கோடையில் ஸ்ரீவைகுண்டம் அணைக்குக் கீழே இளைத்துப் போகிறது. "கடலில் விழுந்து வீணாகிறதே!" என்று நாம் அங்கலாய்ப்பதைச் சொன்னேன். வள்ளம் தள்ளியவர் சிரித்தார்.

"நல்ல தண்ணி வராத வருசம் வந்து பாருங்க, அண்ணாச்சி. இந்த வேருக்குள்ள இறால் குஞ்சு இருக்காது."

அன்று கரையில் வாங்கிய இறாலின் விலையை வீட்டில் இன்னும் நான் சொல்லவில்லை.