குலை கனியும் கணக்கு

வடசேரி கனகமூலம் சந்தைக்கு வரும் மட்டிக்குலை, 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற குமரி மாவட்டத்து வாழை. காய் முந்திக் கனிந்தால் வியாபாரிக்கு நட்டம். தோல் மஞ்சளாகும் முன்பே, எத்திலீன் வாயுவை உண்டாக்கும் மரபணுக்கள் உள்ளே வேலையைத் தொடங்கிவிடும். அதை அளப்பதுதான் தாவர உயிரியல் படிக்கும் கல்லூரி மாணவர்களுக்கு ஆய்வகப் பாடம்.

வேலை செய்யும் மரபணு ஆர்.என்.ஏ.வை உருவாக்கும். அதை டி.என்.ஏ.வாக மாற்றி, கொரோனா காலத்தில் நாம் கேள்விப்பட்ட பி.சி.ஆர். கருவியில் வைத்தால், சுற்றுக்குச் சுற்று இரட்டிக்கும். ஒரு மாதிரி 3 சுற்று முந்தி ஒளிர்ந்தால், அதில் ஏறக்குறைய 8 மடங்கு இருந்ததாகக் கணக்கு.

இங்கேதான் மாணவர்கள் ஏமாறுவார்கள். ஆர்.என்.ஏ.வைக் கூடுதலாக எடுத்துவிட்டாலும் எண் கூடும். அதனால் அதிகம் ஏறி இறங்காத இன்னொரு மரபணுவையும் அளந்து ஒப்பிட வேண்டும். கையுறை மறந்தால், விரலில் உள்ள நொதியே ஆர்.என்.ஏ.வைச் சிதைத்துவிடும். சந்தையோ ஆய்வகமோ, முதலில் தராசு சரியாக இருக்க வேண்டும்.