பட்டறைக்கல்லும் கிலோ முப்பது ரூபாயும்

"கிலோ முப்பது ரூவா, இதுக்கு மேல ஒத்தப் பைசா கெடையாது"ன்னார் பழைய இரும்புக்கடைக்காரர். எனக்கு வந்ததே கோபம்! இத்தனைக்கும் விக்கிறது என் பொருளும் இல்ல, வாங்குறது என் காசும் இல்ல.

கொஞ்சம் பின்னாடி போயிடறேன். போன மாசம் லீவுல ஊருக்கு (திண்டுக்கல்தான், வேறெங்க) போயிருந்தேன். அடுத்த தெருவுல ஒரு கொல்லம்பட்டறை இருந்துச்சு. டவுசர் போட்ட காலத்துல மம்பட்டி, அருவா அடிக்கிறத வாயைப் பொளந்து பார்த்துக்கிட்டு நிப்பேன். பெரியவர் போய்ச்சேர்ந்து ரெண்டு வருஷம் ஆச்சு. மகன் பஸ் கண்டக்டர். எனக்கு அண்ணன் மாதிரி. பட்டறையை இடிச்சுட்டு வாடகைக்கு ரெண்டு கடை கட்டறதா முடிவு. துருத்தி, குறடு, சம்மட்டி எல்லாம் ஏற்கெனவே கடைக்குப் போயாச்சு. மிச்சம் இருந்தது கொம்பு வெச்ச பட்டறைக்கல் மட்டும்.

நாட்டுப்புறத்துல பட்டடைன்னா பெரும்பாலும் கொம்பு கிம்பு கிடையாது. மண்ணுல இல்லைன்னா மரக்கட்டையில புதைச்ச சதுர இரும்புக்கட்டி. அதுவும் இல்லாதவங்க ரயில் தண்டவாளத்துண்டுல அடிப்பாங்க. இது அப்படி இல்ல. ஒரு பக்கம் கூம்பு மாதிரி கொம்பு, மறுபக்கம் தட்டை வால், வால்ல ஒரு சதுர ஓட்டை, ஒரு வட்ட ஓட்டை. பார்த்ததும் சீமைச் சரக்குன்னு சந்தேகம் வந்துச்சு.

பக்கவாட்டுல அப்பியிருந்த கரியைத் தேய்ச்சு, சாக்பீஸ் பொடி தடவிப் பார்த்தா '1  2  10'னு மூணு எண்ணு தள்ளித்தள்ளி இருக்கு. கடைக்காரர் "சீரியல் நம்பரு தம்பி"ன்னார். இல்லவே இல்ல. அது எடை! பழைய இங்கிலீஷ் பட்டடைகள்ல எடையை அந்தர் கணக்குல குத்தியிருப்பாங்க. முதல் எண் அந்தர், அதாவது 112 பவுண்டு. நடு எண் கால் அந்தர், 28 பவுண்டு. கடைசி எண் வெறும் பவுண்டு. ஆக 112 + 56 + 10 = 178 பவுண்டு, கிட்டத்தட்ட 81 கிலோ. தராசுல வெச்சா 79 கிலோ சொச்சம் காட்டுச்சு. மிச்சம் இத்தனை வருஷ அடியில தேய்ஞ்சு போயிருக்கும். எண்ணுக்கு மேல பேரு பாதி அழிஞ்சு, கடைசியில 'ரைட்'னு மட்டும் படிக்க முடிஞ்சுது. இங்கிலாந்துல டட்லிங்கிற ஊர்ல பீட்டர் ரைட்னு ஒரு கம்பெனி பட்டடைக்கே பேர்போனது. அதுவா இருக்கலாம்னு தோணுச்சு. ஆனா சத்தியம் பண்ண மாட்டேன், பாதிப் பேரை வெச்சு விலை ஏத்தறது தப்பு.

என் கட்சி இதுதான்: பட்டறைக்கல்லை எடை போட்டு விலை பேசறதும் தப்பு, பேரைப் பார்த்து விலை பேசறதும் தப்பு. முகத்தைப் பார்க்கணும். முகம்னா அடி வாங்குற மேல்தட்டு. நல்ல பழைய பட்டடையில உடம்பு மெதுவான தேனிரும்பு, அதுக்கு மேல அரை அங்குல கனத்துக்கு எஃகுத் தகடு ஒட்ட அடிச்சு, சூடாக்கித் தண்ணி காட்டி இறுக்கியிருப்பாங்க. உசிரே அந்த அரை அங்குலத்துலதான். அது போச்சுன்னா மிச்சம் 80 கிலோவும் வெறும் இரும்புதான், அப்ப கிலோ முப்பது நியாயமான விலை.

அது இருக்கா போச்சான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? மெக்கானிக் கடையில ஒரு பால்ஸ் கேட்டு வாங்கினேன். அதாங்க, பேரிங்குக்குள்ள இருக்குமே, அந்த எஃகுக் குண்டு. ஸ்கேலை நிக்க வெச்சு பத்து அங்குல உயரத்துல இருந்து விட்டேன். ஏழு, எட்டு அங்குலம் திரும்பி எகிறுனா முகம் திடமா இருக்குன்னு அர்த்தம். பாதி கூட எகிறலைன்னா சந்தேகப்படணும். கல்லு வார்ப்பிரும்பா இருக்கலாம். இல்லைன்னா தீ விபத்துல சிக்கிப் பதம் இறங்கியிருக்கலாம், அது கண்ணுக்கு அப்பாவியாத்தான் தெரியும். நம்ம கல்லு நடுவுல எட்டு காட்டுச்சு, வால் ஓரத்துல அஞ்சுதான். செல்போன்ல ஸ்லோமோஷன்ல படம் புடிச்சுக் கணக்குப் பார்த்தேன். (நாலு வருஷம் இஞ்சினியரிங் படிச்சதுக்கு இதாவது பண்ணினோமே. ஸ்மிதி லேப்ல நான் அடிச்ச சதுரக் கம்பி எந்தக் கோணத்துல பார்த்தாலும் சதுரமா தெரியாது.)

அடுத்து சின்னச் சுத்தியலால முகம் பூரா தட்டணும். கணீர்னு வரணும். ஒரு இடத்துல மட்டும் 'தொப்'னு கேட்டா அங்க தகடு விட்டிருக்கு. ஆனா காதை மட்டும் நம்பிடாதீங்க. அமெரிக்காவுல ஃபிஷர்னு ஒரு வகை. வார்ப்பிரும்பு உடம்புல எஃகு முகம். சத்தமே போடாது, ஆனா அருமையான பட்டடை. கடைசியா ஸ்கேலைக் குறுக்கே வெச்சு நடுவுல பள்ளம் விழுந்திருக்கான்னு பார்க்கணும். விளிம்பு லேசா மழுங்கியிருந்தா பரவாயில்ல.

இதையெல்லாம் பார்த்துக்கிட்டிருந்த கடைக்காரர் சொன்னார் பாருங்க, "கிரைண்டர் போட்டுப் பளபளன்னு ஆக்குனா நல்ல ரேட்டு போகும்"னு. ஐயா சாமி! அந்த அரை அங்குலத்தைத்தானய்யா தேய்க்கச் சொல்றீங்க.

திண்டுக்கல் பூட்டுக்கு 2019ல புவிசார் குறியீடு கிடைச்சப்ப ஊரே சந்தோஷப்பட்டுச்சு, நானும்தான். செஞ்ச பொருளுக்கு ஊர் பேரைப் போட்டுப் பத்திரம் குடுக்கிறோம். செய்யற கருவியைக் கிலோ கணக்குல போடறோம். (பூட்டு வேலையில அரமும் வைஸும்தான் முக்கியம், பட்டடை அப்புறம்தான்னு பூட்டுக்காரங்க சண்டைக்கு வரலாம். ஒத்துக்கறேன்.) வள்ளுவரே கூடாநட்புல பட்டடையை உவமைக்கு இழுத்திருக்கார், அதுவும் பொய்யான சிநேகிதனுக்கு. பாவம், அங்கயும் அதுக்கு நல்ல பேரு கிடைக்கல.

சரி, விலை. விசாரிச்சதுல ரெண்டு பேர் வந்தாங்க. ஒருத்தர் கொடைக்கானல்ல தங்கும் விடுதி கட்டறவர், வாசல்ல அலங்காரமா வைக்கணுமாம். கருப்புப் பெயின்ட் அடிச்சுக்குவாராம். 20,000 தர்றேன்னார். பால்ஸ் சோதனையைக் காட்டினேன், அவருக்கு எட்டும் ஒண்ணுதான் அஞ்சும் ஒண்ணுதான். இன்னொருத்தர் வேடசந்தூர்ப் பக்கம் கடப்பாரை, கோடாலி அடிக்கிறவர். குண்டெல்லாம் கேக்கல. சுத்தியலை எடுத்து நாலு தட்டு தட்டினார், அது எகிறின எகிறல்லயே கை புரிஞ்சுக்கிச்சு. 13,000. அதுவும் ரெண்டு தவணை.

வேலை செய்யறவன் கைக்குத்தான் போகணும்னு நான் அடிச்சுப் பேசினேன். இன்னமும் அதான் என் கருத்து. ஆனா நடுவுல அந்த 7,000 ரூபாய் என் பாக்கெட்ல இருந்து போகல பாருங்க. அண்ணன் மகளுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டணும். "அண்ணே, உங்க இஷ்டம்"னு கடைசியில வாயை மூடிக்கிட்டேன். அவர் கொஞ்ச நேரம் கல்லையே பார்த்துட்டு, "பெயின்ட் அடிப்பானாம்ல தம்பி"ன்னார். அவ்வளவுதான்.

குட்டி யானையில நாலு பேர் சேர்ந்து ஏத்தினோம். 8,000 கைக்கு வந்தாச்சு. மீதி 5,000 தை மாசம் தர்றேன்னிருக்கார் வேடசந்தூர்க்காரர். தரலைன்னா என் கையில இருந்து குடுத்துடறதா அண்ணன்கிட்ட சொல்லியிருக்கேன். வீட்டுல இன்னும் சொல்லல.