யாருக்குக் கண்காணி?

சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயில் காரியத்தை மேற்பார்த்தவர் கண்காணி. தமிழ் விவிலியத்தில் திருச்சபையை நடத்துபவருக்கும் அதே பெயர். பேதுருவின் முதல் நிருபம் கிறிஸ்துவையே ஆத்துமாக்களின் கண்காணி என்கிறது. இத்தனை மதிப்போடு வாழ்ந்த சொல், தேயிலை மலையேறிக் ‘கங்காணி’ ஆனதும் அச்சத்துக்குரியதாயிற்று. கேரள மலைகளில் வண்டிப்பெரியாரிலிருந்து மூணாறு வரை, கடல் தாண்டி இலங்கையிலும் மலேயாவிலும், இதே கதைதான். பேச்சுவழக்கில் ஓர் எழுத்து திரிந்ததால் வந்த வினையல்ல இது. கங்காணிக்குக் காசு வந்த வழியே காரணம். அவர் ஊரில் ஆள் பிடித்தார், முன்பணம் கொடுத்துக் கடனில் கட்டினார், வேலைக்கு இறங்கிய தலைகளை எண்ணித் தோட்டத் துரையிடம் தலைக்காசு வாங்கினார். கங்காணி நம் ஊர்க்காரர், உறவுக்காரர், கல்யாணத்துக்கும் காய்ச்சலுக்கும் கைகொடுத்தவர் என்று இன்றும் சிலர் வாதிடுவார்கள். பலர் அப்படி இருந்ததை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கை நீட்டிய பணமும் பெரும்பாலும் கடன் கணக்கில்தான் ஏறியது. பிடித்து வந்தவர்களின் மனம் கோணினால் அவருக்குப் பெரிய நட்டமில்லை. துரையின் மனம் கோணினால் பிழைப்பே போய்விடும்.

தொழிற்சங்கங்கள் வந்தபோது ‘தலைவர்’ என்ற சொல்லும் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குள் வந்தது. கங்காணியின் பிடி தளர்ந்ததில் சங்கத்தின் உழைப்பு பெரிது. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் எழுதிவைத்த வீடும் மருத்துவமும் ஏட்டோடு நின்றுவிடாதிருக்கப் போராடியதும் சங்கமே. அப்படியிருந்தும் 2015 செப்டம்பரில் மூணாற்றில், போனஸ் 20 சதவீதத்திலிருந்து 10 ஆகக் குறைந்தபோது, கொழுந்து பறிக்கும் பெண்கள் சங்கத் தலைவர்களை அண்டவிடாமல் ஒன்பது நாள் சாலையில் அமர்ந்து, போனஸும் கருணைத்தொகையுமாக அந்த 20 சதவீதத்தை மீட்டார்கள். நிர்வாகத்தோடு தலைவர்கள் இணங்கிப்போகிறார்கள் என்பதே அவர்களின் குற்றச்சாட்டு. கங்காணியின் மேல் இருந்த அதே ஐயம், தலைவரின் மேலும் விழுந்திருந்தது.

தலைவரை ஒதுக்கிய அந்தப் பெண்களின் அமைப்பான பெம்பிளை ஒருமை பிற்பாடு பிளவுபட்டதே, தலைமை வேண்டும் என்பதற்கு அதுவே சாட்சி அல்லவா என்பார்கள். தலைமை வேண்டும்தான். அந்தப் பெண்களும் தலைமையை மறுக்கவில்லை. தங்களோடு கூடை சுமந்தவர்களையே முன்னிறுத்திப் பேசவைத்தார்கள். அமைப்பு உடைந்ததால் அவர்கள் எழுப்பிய கேள்வி பொய்யாகிவிடாது. கொழுந்துக்காட்டில் பெண்களே மிகுதி. அவர்களின் கூலியைப் பேசும் மேசையிலோ ஆண்களே மிகுதி. வண்டிப்பெரியார்ச் சங்கங்கள் இதை மாற்றத் தேர்தலுக்கோ வேலைநிறுத்தத்துக்கோ காத்திருக்க வேண்டாம். அடுத்த கூலிப் பேச்சுக்கு யார் போவது என்பதைக் கொழுந்து பறிப்பவர்களே தேர்ந்தெடுக்கட்டும். கையெழுத்துக்கு முன் உடன்பாடு லயத்தில் தமிழில் வாசிக்கப்படட்டும்.