திரும்பி வருவோருக்கு ஊரே சாட்சி



1990 ஜூனில் சண்டை மீண்டும் மூண்டபோது, தலைமன்னாரிலும் பேசாலையிலும் வள்ளமேறி இராமேஸ்வரம் போனவர்களைக் கரையில் நின்று வழியனுப்பியவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். "ரெண்டு மாசத்தில வந்திடுவம்" என்று வீட்டுத் திறப்பை அயலில் கொடுத்துவிட்டுப் போனவர்களும் உண்டு. தமிழக முகாம்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்துவிட்டு, அவர்களில் சிலர் தாமாக விரும்பி ஊர் திரும்புகிறார்கள்.

அப்படி வந்த ஒரு மூதாட்டியோடு அவருடைய வளவுக்குப் போனோம். எங்கும் உடைமரப் பத்தை. வீடு இருந்த தடமே இல்லை. கிணற்றுக்கட்டு மட்டும் மிஞ்சியிருந்தது. "இதில என்ர மூத்தவன் பேர் கீறினவன்" என்றார். பாசியைச் சுரண்டினோம். பெயர் இருந்தது. ஆனால், காணி உறுதி அன்று வள்ளத்திலேயே கடல்நீரில் ஊறிப் போய்விட்டது. இனி அந்த வளவு யாருடையதென்று நாம்தான் சொல்லவேண்டும்.

ஆகவே கேட்கிறோம்:

எல்லை தெரிந்த பெரியவர்கள் கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் வந்து சாட்சி சொல்லுங்கள். திரும்பி வருவோரின் காணியில் இன்று குடியிருப்பவர்களும் பல இடங்களில் இடம்பெயர்ந்து வந்தவர்களே. வழக்குக்கு முன் இருதரப்பும் இருந்து பேச எங்கள் சங்கங்கள் இடம் தரும்.

முகாமில் பிறந்த பிள்ளைகளிடம் இருப்பது இந்தியப் பிறப்புச் சான்றிதழ். சென்னையிலுள்ள நமது துணை உயர்ஸ்தானிகராலயத்தில் பதியாமல் வந்தவர்கள் குடியுரிமைக்கு அலைகிறார்கள். இளைப்பாறிய எழுதுவினைஞர்கள் படிவம் நிரப்பக் கைகொடுங்கள். ஆசிரியர்களே, அந்தப் பிள்ளைகளுக்குச் சிங்களப் பாடம் புதிது. மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அவர்களை "இந்தியாக்காரர்" என்று யாரும் கூப்பிட வேண்டாம்.

2025இல் ஐ.நா. அகதிகள் முகவரகத்தின் உதவியோடு பலாலி விமான நிலையத்தில் வந்திறங்கிய முதியவர் ஒருவர், முன்பு கடவுச்சீட்டில்லாமல் நாட்டைவிட்டுப் போனதற்காகக் கைதானார். உயிர் தப்ப ஓடியது குற்றமாகாதபடி சட்டத்தைத் திருத்தக் கோரும் எங்கள் மனுவில் கையெழுத்திடுங்கள்.

1990 ஒக்ரோபரில் புலிகளால் வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் வாழ்ந்து திரும்பும் நம் முஸ்லிம் அயலவருக்கும் இதேபோலக் காணிச் சாட்சி சொல்லுங்கள். அவர்களின் கிணறும் நமக்குத் தெரியும்.

வரும் ஞாயிறு காலை ஆறு மணிக்கு மூதாட்டியின் கிணற்றை இறைக்கிறோம். கத்தி, மண்வெட்டி, வாளி இருப்பவர்கள் கொண்டு வாருங்கள். தேநீர் எங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
மன்னார்த் தீவுக் கரையோர மீனவர், மாதர் சங்கத்தினர்